ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குழாய்

நான் பர்மிங்காமிலிருந்து ஊருக்கு வந்த இரண்டாம் நாளே, இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போன சித்தப்பாவை வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. 108 வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சிறு வயதில் அந்த ஆஸ்பத்திரியில் "மதுரைக்கு எழுதித் தர்றோம், கொண்டு போயிருங்க" என்பதே பாதி வைத்தியமாக இருந்தது. இன்றோ அது, 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றோடு இணைந்த மருத்துவமனை.

வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதற்கு நூறு ரூபாய் கேட்டார்கள். என் சட்டைப்பையில் பவுண்டு நோட்டுகள் மட்டுமே இருந்ததால், சித்தப்பா மகன்தான் கொடுத்தான். இலவச மருத்துவம் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் இடத்தில், சக்கரத்துக்கு மட்டும் தனிக்கட்டணம் போலும் என்று பொருமிக்கொண்டே உள்ளே போனேன்.

தம்பி, அடித்த பாம்பைச் சிமெண்ட் சாக்கில் போட்டு எடுத்து வந்திருந்தான். பணியிலிருந்த பயிற்சி மருத்துவருக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இராது. அவர் சாக்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான் என்பதால், பாம்பின் முகவரியைவிட இரத்தத்தின் நடத்தையே, அதாவது நஞ்சு அதை உறையவிடாமல் தடுக்கிறதா என்பதே, அவருக்கு முக்கியமாக இருந்தது. இரண்டு மில்லி இரத்தம் எடுத்துப் புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஜன்னல் விளிம்பில் தாங்கியில் நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம் யாரும் அதைத் தொடாதீங்க சார், ஆட்டவும் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. உயிர் ஊசலாடும் வேளையில், இயந்திரம் எதுவுமின்றி ஒரு குழாயை வேடிக்கை பார்ப்பதா? ஆய்வகப் பரிசோதனை இல்லையா என்று சற்று உரக்கவே கேட்டேன். அதற்கும் இரத்தம் போயிருக்கிறது, ஆனால் அந்த முடிவுக்குக் காத்திருக்க முடியாது என்றார். பிளாஸ்டிக் குழாயானால் நல்ல இரத்தமும் சரியாக உறையாது. சோப்புப் பொடியில் கழுவிய பழைய கண்ணாடியும் ஏமாற்றும். அதனால்தான் புதிய கண்ணாடி என்று, ஓ.பி. சீட்டில் எழுதிக்கொண்டே விளக்கினார். பர்மிங்காமில் நான்கு மணி நேரத்துக்குள் 95 விழுக்காட்டினரைக் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு ஏட்டில் உண்டு. என் மகன் கை முறிந்து ஏழு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எவரும் வந்து எதையும் விளக்கவில்லை.

இருபதாம் நிமிடம் குழாயை ஒருமுறை சாய்த்தார். இரத்தம் தண்ணீர்போல் ஓடியது. அடுத்த சில நிமிடங்களில் பத்துக் குப்பி மருந்து டிரிப்பில் இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர்கள், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் என்பதை அன்றிரவு செல்பேசியில் படித்துத்தான் அறிந்தேன்.

ஆறு மணி நேரம் கழித்து, விடியற்காலையில் இரண்டாம் குழாய். அப்போதும் உறையவில்லை, மீண்டும் மருந்து. இடையில் காவலாளி வந்து, ஒரு நோயாளிக்கு ஒரு அனுமதிச் சீட்டுத்தான் என்று என்னை இருமுறை வெளியேற்றினார். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, கொசுக்கடியோடு, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி தானாகவே காவலுக்கு நின்று, ஜன்னலருகே போன ஒவ்வொருவரையும் அதட்டினார். காலை பத்தரைக்கு மூன்றாம் குழாய். சாய்த்தார், இரத்தம் அசையாமல் கட்டியாக நின்றது. பயிற்சி மருத்துவர் கொட்டாவியை மறைத்தபடி "இனிமே பயமில்ல" என்றார். அவர் முந்தைய நாள் காலையிலிருந்து பணியில் இருந்தாராம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தள்ளுவோர் ஒருவரும் தென்படாததால், சித்தப்பா வீக்கம் வடியாத காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தே வந்தார். இம்முறை என் பையில் நூறு ரூபாய் நோட்டு தயாராக இருந்தது.