கத்திரிக்காய்க்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை: ஓபன்சீக்ரெட்ஸ் தளம் பற்றி ஒரு பார்மசிஸ்ட்

நியூஜெர்சியில் ஒரு மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள் நான். 2021 கோடையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் எலிக்விஸ் மாத்திரை வாங்க வந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நம்ம ஊர்ல கத்திரிக்காயவே பேரம் பேசித்தான் வாங்குவோம். இத்தனை கோடிப் பேருக்கு மருந்து வாங்குற மெடிகேர் பேரம் பேசாதா?" என்றார். மெடிகேர் என்பது முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அது பேரம் பேசக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றேன். "அப்படி ஒரு சட்டத்த எவன்மா எழுதுவான்?" பின்னால் வரிசை நீண்டிருந்தது. பதில் தேடியது வீட்டுக்கு வந்துதான்.

அப்போது சிக்கியது ஓபன்சீக்ரெட்ஸ். காசு கிடையாது. அமெரிக்க காங்கிரஸில் லாபி செய்பவர்கள், அதாவது சட்டம் சாதகமாக அமைய உறுப்பினர்களிடம் சம்பளத்துக்குப் பரிந்து பேசுபவர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவங்களையும் தேர்தல் நன்கொடைக் கணக்கையும் சேர்த்து, மனிதர்கள் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளின் சங்கமான ஃபார்மா 2022ல் லாபிக்குச் செலவழித்தது சுமார் 2.9 கோடி டாலர். அதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

ஆனால் தொகையைவிட எனக்குப் பிடித்தது 'சுழல்கதவு' பகுதி. யார் எந்த அரசு வேலையிலிருந்து எந்த லாபி வேலைக்குப் போனார் என்று காட்டும். பெரியவர் கேட்ட ஆள் அங்கேதான் கிடைத்தார். 2003 நவம்பர் 22, விடியற்காலை 3 மணி. மெடிகேர் மருந்து மசோதாவுக்குக் கீழவையில் ஓட்டெடுப்பு. தோற்கிற மாதிரி இருந்ததால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தடித்து 220-215 என்று கரையேற்றினார்கள். பேரத்தடை அதற்குள்தான் இருந்தது. மசோதாவை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் எரிசக்தி, வர்த்தகக் குழுவின் தலைவர் பில்லி டாசின். 2005 ஜனவரியில் அவர் ஃபார்மாவின் தலைவர்! சட்டப்படி எல்லாம் சரி. எங்கள் பக்கத்துப் பாஷையில் சொன்னால், பெண் வீட்டுக்காகப் பேச வந்தவர் மாப்பிள்ளை வீட்டிலேயே கை நனைத்துவிட்டார்.

சங்கம் ஒன்றுதான் என்றாலும் அதன் பக்கத்தைத் திறந்தால் வெளியிலிருந்து அமர்த்திய லாபி நிறுவனங்கள் வரிசையாக வரும். ஒரு நிறுவனத்தைத் தட்டினால் அதில் இருப்பவர்கள், அவர்களில் முன்பு செனட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், அந்த நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்கள். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

தெரியாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மசோதாவுக்காக லாபி என்று படிவத்தில் இருக்கும்; ஆதரித்தா எதிர்த்தா என்று இருக்காது. செனட் என்று இருக்கும். எந்த செனட்டர் என்று இருக்காது. ஒரு வாடிக்கையாளருக்கான வேலை நேரத்தில் லாபி 20 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அவர் லாபியிஸ்ட்டாகப் பதிவே செய்ய வேண்டாம். இது தளத்தின் குறையல்ல, சட்டத்தின் ஓட்டை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் அதே காங்கிரஸ்காரர்கள்தானே.

போனில் முயலாதீர்கள். அட்டவணைகள் அகலம், கம்ப்யூட்டர்தான் வசதி. ஐந்துக்கு நாலரை தருவேன்.

பேரத்தடை 2022ல் தளர்ந்தது, முதலில் பத்து மருந்துகளுக்கு. 2026 ஜனவரி முதல் ஒரு மாத எலிக்விஸுக்கு மெடிகேர் பேசி முடித்த விலை 231 டாலர்; 2023ல் பட்டியல் விலை 521. பெரியவரிடம் சொன்னேன். "பாதிக்கு மேல கொறஞ்சிருக்கே! அப்ப இத்தன வருஷம் அந்த மீதிய யாரும்மா வச்சிருந்தா?" என்றார். அன்றைக்கும் பின்னால் வரிசை நீண்டிருந்தது.