டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா? ஓய்வுபெற்றவர்கள் போட வேண்டிய கணக்கு

பணி ஓய்வோடு அலுவலகத்தின் குரூப் ஹெல்த் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் முடிந்துவிடும். சொந்தமாக எடுத்த 5 லட்சம் பாலிசி பெரிய அறுவை சிகிச்சைக்குப் போதாது. குறையை நிரப்ப மூன்று வழிகள்: இருக்கும் பாலிசியின் தொகையை உயர்த்துவது, அல்லது அதற்கு மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப், சூப்பர் டாப்-அப் பாலிசிகள்.

பின்னிரண்டிலும் ‘டிடக்டிபிள்’ உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய செலவுக்குத்தான் பணம் வரும். டாப்-அப் அந்த எல்லையை ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப், பாலிசி ஆண்டின் செலவுகளைக் கூட்டிப் பார்க்கும். டிடக்டிபிள் 5 லட்சம் என்று வையுங்கள். ஜூனில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு 3.5 லட்சம், நவம்பரில் இடுப்பெலும்பு முறிவுக்கு 4 லட்சம். மொத்தம் 7.5 லட்சத்தில் அடிப்படைப் பாலிசி 5 லட்சம் தரும். மீதி 2.5 லட்சத்தை சூப்பர் டாப்-அப் தரும். டாப்-அப்பில் ஒரு பைசா வராது, ஏனென்றால் எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை. ஒரே பில் 8 லட்சம் வந்தால் மட்டும் இரண்டும் சமம். அறுபதுக்கு மேல் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை அட்மிட் ஆவது சகஜம் என்பதால், பிரீமியம் கொஞ்சம் குறைவு என்று வெறும் டாப்-அப் எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தொகையை உயர்த்துவதில் டிடக்டிபிள் தொல்லையில்லை, கேஷ்லெஸும் (கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதி) ஒரே இடத்தில் முடியும். ஆனால் இந்த வயதில் பிரீமியம் எகிறும். கூட்டிய பகுதிக்குக் காத்திருப்புக் காலமும், அதாவது சில நோய்களுக்கு க்ளெய்ம் கிடைக்காத ஆரம்பக் காலமும், புதிதாகத் தொடங்கும். சூப்பர் டாப்-அப்புக்கும் காத்திருப்பு உண்டு: சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள். ஆகவே 57, 58 வயதிலேயே எடுத்துவிடுவது நல்லது. சர்க்கரையை மறைத்து எடுத்தால் க்ளெய்ம் நேரத்தில் பாலிசியே ரத்தாகலாம்.

தமிழக அரசு ஓய்வூதியர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரையிலான அவர்களது காப்பீட்டுத் திட்டத்தின் 5 லட்சம், ஓர் ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. சூப்பர் டாப்-அப்பின் டிடக்டிபிளோ ஆண்டுதோறும் புதிதாக எண்ணப்படும். முதல் ஆண்டிலேயே 5 லட்சம் கரைந்தால், அடுத்த ஆண்டின் முதல் 5 லட்சம் சொந்தப் பணம். இவர்கள் டிடக்டிபிளை 2 அல்லது 3 லட்சமாக வைத்துக்கொள்வது உத்தமம். பிரீமியம் கூடத்தான் செய்யும்.

இனி சிக்கும் இடங்கள். அடிப்படைப் பாலிசி ஏப்ரலிலும் சூப்பர் டாப்-அப் டிசம்பரிலும் புதுப்பித்தால், ஒரே சிகிச்சைத் தொடரின் செலவு இரண்டு டாப்-அப் ஆண்டுகளில் சிதறி எல்லையைத் தொடாமல் போகும். தேதிகளை ஒன்றாக்குங்கள். அறை வாடகை உச்சவரம்பு 5,000 இருக்க 10,000 ரூபாய் அறையில் தங்கினால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் செலவு போன்றவையும் பாதியாக வெட்டப்படும். மருந்துக்கும் ஸ்டென்ட்டுக்கும் அந்த வெட்டு கிடையாது. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக (ஃப்ளோட்டர்) எடுத்தால் இருவர் செலவும் ஒரே டிடக்டிபிளில் சேரும், இது லாபம்.

எல்லையைத் தாண்டாத க்ளெய்மாக இருந்தாலும் சூப்பர் டாப்-அப் நிறுவனத்துக்கு அப்போதே தகவல் சொல்லிவிடுங்கள். அடிப்படைப் பாலிசி தந்த முதல் நிறுவனத்திடமிருந்து செட்டில்மென்ட் கடிதம், அவர்கள் சான்றளித்த பில் நகல்கள், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கேட்டு வாங்கி வைக்கவும். ஒரிஜினல் பில்கள் முதல் நிறுவனத்திடம் போய்விடும். இந்த நகல்கள் இல்லாமல் இரண்டாவது க்ளெய்ம் நகராது.