ஷேக் டம்ளரும் சோற்றுக் கரண்டியும்: வெல்னஸ் கோச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட ஒருவர் மருந்துக்கடையை விட்டு இறங்குவதற்குள் ‘வெல்னஸ் கோச்’ (உணவு, உடற்பயிற்சிப் பழக்கங்களுக்கு வழிகாட்டுபவர்) என்று அச்சடித்த அட்டை ஒன்று அவர் கைக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் அந்தப் பெயருக்கென்று தனி உரிமம் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பாபநாசம் பக்கம் நெல் பயிரிடும் என் பெரியப்பா மகனுக்காகச் சென்ற ஆண்டு மூன்று வகையினரை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலாவது, வீட்டுக் கூடத்தில் நடக்கும் ஊட்டச்சத்து மன்றம். அண்ணனை எடைக் கருவியில் ஏற்றி, உடலில் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று அட்டையில் குறித்து, காலைப் பலகாரத்துக்குப் பதிலாக, அவர்கள் விற்கும் டப்பா மாவைக் கலக்கிய ஒரு டம்ளர் ஷேக் குடிக்கச் சொன்னார்கள். பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடும் அந்தக் கருவி, சற்று முன்பு தண்ணீர் குடித்திருந்தாலே வேறு எண்ணைக் காட்டக்கூடியது என்பதைக்கூட விட்டுவிடலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை. அண்ணன் சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்பவர். கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, நாற்றங்காலில் நிற்கும்போதே மயக்கம் வரலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். மாவு டப்பாவின் விலையில் அது அடங்கியிருந்தது.

இரண்டாவது, தஞ்சாவூரில் ஓர் உணவியல் நிபுணர். இந்திய உணவியல் சங்கத்தின் ஆர்.டி. (ரெஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) பதிவு பெற்றவர்; உணவியலில் முதுநிலைப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, தேர்வு ஆகியவற்றைத் தாண்டித்தான் அந்தப் பதிவு கிடைக்கும் என்பதால் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. “சோறு எவ்வளவு சாப்பிடுவீங்க?” என்று அவர் கேட்டதற்கு “ஒரு தட்டு” என்றார் அண்ணன். உடனே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் காட்டி, “இதால எத்தனை?” என்றார். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கும் வழக்கத்தைக் கணக்கிட்டால் ஒன்பது கரண்டி வந்தது. சோற்றை நிறுத்தச் சொல்லாமல், ரசத்தைக் குடித்துவிட்டு அந்த இடத்தில் கீரையையும் சுண்டலையும் வைக்கச் சொன்னார். குறை ஒன்றுதான்: மாதம் ஒரு முறை மட்டுமே பார்க்க முடிந்ததால், எழுதிக்கொடுத்த தாள் பத்தே நாளில் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது.

அந்த இடைவெளிக்குத்தான் மூன்றாமவர், முறையாகப் பயிற்சி பெற்ற ஹெல்த் கோச், பயன்படுகிறார். அமெரிக்காவில் ஹெல்த், வெல்னஸ் கோச்சிங்குக்கான தேசிய வாரியம் (NBHWC) 2017 முதல் தேர்வு நடத்துகிறது. அதை எழுத, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு 50 பயிற்றல் அமர்வுகளை நடத்திய பதிவும் வேண்டும். இரண்டு நாள் இணைய வகுப்புச் சான்றிதழும் ‘சர்டிஃபைட்’ என்றே சொல்லிக்கொள்வதால், எங்கே, எத்தனை மாதம் படித்தீர்கள், எத்தனை பேரோடு அமர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் தொலைபேசியில் பேசிய பெண், மாத்திரையையும் உணவுப் பட்டியலையும் மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “இந்த வாரம் எதை மாத்துறது உங்களுக்குக் கைகூடும்?” என்று மட்டும் கேட்டார். குறுவை நடவு முடியும்வரை நடைப்பயிற்சி என்ற பேச்சே வேண்டாம், இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து எட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றார் அண்ணன். அவரும் ஒப்புக்கொண்டார். நாள் முழுக்கச் சேற்றில் நடப்பவரிடம் பத்தாயிரம் அடிக் கணக்குச் சொல்லாத அந்த நிதானமே எனக்குப் பெரிய தகுதியாகப் பட்டது. கட்டணம்தான் கனம்.

சித்த மருத்துவர்களும் யோகா, இயற்கை மருத்துவர்களும் ஐந்தரை ஆண்டு பட்டம் பெற்ற மருத்துவர்கள். அவர்களை இந்த வரிசையில் வைப்பது சரியல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவார். அவரும் கோச் அல்ல. ஆனாலும் போன மாத அட்டையில் எத்தனை மாத்திரை மீந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மன்றத்தை விட்டோம். உணவியல் நிபுணரிடம் தொடங்கி, கோச்சை மூன்று மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அதே அளவுக் கரண்டி ஒன்றை அண்ணன் கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் தேடி வாங்கிவிட்டார்; அண்ணி அதைக் குழம்புக்கு எடுத்தால் மட்டும் வீட்டில் சத்தம் கேட்கிறது.