அடுக்குமாடி வீட்டில் டிரம்ஸ்: ரீமோ மெஷ் ஸ்கின், ஜில்ஜியன் எல்80, கூடவே டென்னிஸ் பந்து

வீட்டில் நிஜ டிரம் செட்டைப் போட்டு, அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வராமல் தினமும் வாசிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். ஆனால் கடையில் விற்கிற பொருள் பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைக் கார்பென்டரை வைத்துச் செய்துகொள்ள வேண்டும். சின்ன ஹாலில் அடக்கி வாசிப்பது வேறு கதை, வீட்டில் உதவியது பெரும்பாலும் அங்கே உதவாது. இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பெரம்பூரில், இரண்டாவது மாடி. ஐந்து டிரம் சேர்ந்த ஐந்து பீஸ் செட், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் 20 இஞ்ச். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் வாசிக்கிறேன். மகள் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள், அதனால் தினமும் உட்கார்ந்தாக வேண்டும். எலக்ட்ரானிக் செட் வாங்கிவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. டாம் டிரம் எவ்வளவு உயரம், உலோகத் தட்டான ரைடு சிம்பல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் உடம்பில் பதிகிற வயது அவளுக்கு. அடித்தால் ஆடுகிற சிம்பல், காலுக்குக் கட்டுப்பட்டுத் திறந்து மூடும் ஹை-ஹேட், இவற்றோடுதான் அவள் பழக வேண்டும் என்று நினைத்தேன். தவிர, எலக்ட்ரானிக் கிக் பெடலும் தரையை இடிக்கத்தான் செய்யும்.

முதலில் ரீமோவின் சைலன்ட்ஸ்ட்ரோக் ஸ்கின். சாதாரண ஸ்கின் ஒரு பிளாஸ்டிக் படலம், அடித்ததும் காற்றைத் தள்ளும். இது நெருக்கமாகப் பின்னிய வலை, அதாவது மெஷ், காற்று அதன் வழியாகவே போய்விடும். மாற்றுவது சுலபம்: டிரம் கீயால், ஸ்கின்னைப் பிடித்திருக்கும் வளையமான ரிம்மைக் கழற்றி, மேல் ஸ்கின்னை எடுத்துவிட்டு, இதைப் போட்டு இறுக்க வேண்டும். அடி ஸ்கின்னை அப்படியே விட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் டாமுக்குக் கொஞ்சமாவது சுருதி மிஞ்சும், ஸ்னேர் டிரம்மின் அடியில் இருக்கும் கம்பியும் மெல்லச் சிலிர்க்கும். கிக் பெடலில் அடிக்கிற சுத்தியலான பீட்டரை ஃபெல்ட் வைத்ததாக மட்டும் போடுங்கள், அது படுகிற இடத்தில் ஒரு பேட்ச் ஒட்டிவிடுங்கள். மர பீட்டருக்கு வலை ரொம்ப நாள் தாங்காது.

குறைகளும் உண்டு. ஸ்டிக் நிஜ ஸ்கின்னில் திரும்புவதைவிட வேகமாகத் துள்ளித் திரும்பும். டபுள் ஸ்ட்ரோக், ரோல் எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். இதிலேயே பழகிய கை, பிளாஸ்டிக் ஸ்கின்னுக்குப் போனதும் திணறும். அதனால் ரூடிமென்ட் எனும் அடிப்படைக் கைப்பயிற்சியை மகள் பிராக்டிஸ் பேடில்தான் செய்கிறாள், பாட்டை மட்டும் செட்டில் வாசிக்கிறாள். கம்பி பிரஷ் இதில் வேண்டவே வேண்டாம். கம்பி வலையில் மாட்டும், தேய்த்தால் ‘ஸ்ஸ்’ என்ற அந்த ஓசையும் வராது. அப்புறம் ரிம். ஸ்கின் அமைதியாகிவிட்டதால் ரிம்மில் படும் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். ஸ்டிக்கை ஸ்கின்னில் கிடத்தி ரிம்மில் தட்டுகிற கிராஸ் ஸ்டிக் போட்டால் செட்டிலேயே உரத்த ஒலி அதுதான்.

ஜில்ஜியன் எல்80 சிம்பல்தான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. 1623இல் கான்ஸ்டான்டினோபிளில் தொடங்கி இன்றும் சிம்பல் வார்க்கிற கம்பெனி அது, உலோகத்தை எங்கே மெலிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிம்பல் முழுக்கச் சிறுசிறு துளைகள், மேலே பளபளப்பில்லாத பூச்சு. நாங்கள் வாங்கிய பெட்டியில் 14 இஞ்ச் ஹை-ஹேட், 16 இஞ்ச் கிராஷ், 18 இஞ்ச் கிராஷ்-ரைடு. ரப்பர் பேட் சிம்பலோடு இதைச் சேர்த்துப் பேசவே கூடாது. ஸ்டிக்கின் நுனியால் தட்டினால் ஒரு குரல், நுனிக்குக் கீழே தடிக்கிற பகுதியால் தட்டினால் இன்னொரு குரல். ஹை-ஹேட்டைக் காலை லேசாகத் தூக்கிப் பாதி திறந்தால் அந்தச் சலசலப்பும் அளவாக வருகிறது. சிம்பலின் நடுக்குமிழான பெல் மட்டும் கொஞ்சம் மந்தம். ஓங்கி அடிக்கிற கைக்கு இது ஆகாது, மெல்லிய ஸ்டிக்கோடு வாசிக்க வேண்டிய பொருள். விலை அதிகம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இந்தக் காசுக்கு இங்கே ஒரு டிரம் செட்டே வாங்கிவிடலாம். அப்படியிருந்தும் முதலில் எதை வாங்க என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அடுத்த வீட்டுக்காரரைப் பல்லைக் கடிக்க வைப்பது டாம் இல்லை, கிராஷ்தான்.

‘80 சதவீதம் வரை சத்தம் குறைவு’ என்று கம்பெனி சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 100 டெசிபல் 20 ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. டெசிபல் கணக்கில் 10 குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும், 20 குறைந்தால் கால்வாசி. போனில் ஒரு ஆப் வைத்து அறைக்குள் அளந்து பார்த்தேன். போன் ஆப் துல்லியமானதில்லை, ஆனால் வித்தியாசம் பார்க்கப் போதும். பழைய ஸ்கின்னும் சிம்பலுமாக 100ஐத் தாண்டியது, மெஷ்ஷும் எல்80யும் போட்டதும் 80ஐ ஒட்டி நின்றது. சட்னி அரைக்கிற மிக்ஸி அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் அடுத்த ஃபிளாட்டில் டிவி பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவில்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் ஸ்டிக்கைத் தொடுவதில்லை.

இதில் பிள்ளையின் காதுக்குக் கிடைக்கிற நன்மையை யாரும் பேசுவதில்லை. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்குப்படி 85 டெசிபல் ஓசையில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிஷம்தான் கணக்கு. சாதாரண செட்டில் தினமும் வாசிக்கிற பிள்ளைகள் காதை அடைத்துக்கொள்ளாமல் உட்காருவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

சரி, தரைக்கு வருவோம். மெஷ்ஷும் எல்80யும் வந்த பிறகு கீழ் வீட்டு அங்கிளிடம் போய்க் கேட்டேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மதியம் தூங்குகிறவர். “சத்தம்லாம் இல்ல தம்பி. ஆனா டொம்மு டொம்முன்னு ஒண்ணு மேல இருந்து இறங்குது. நீங்களே வந்து பாருங்க” என்றார். மகளை மேலே கிக் மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் வீட்டு ஹாலில் நின்றேன். சிம்பலும் ஸ்னேரும் காதில் விழவே இல்லை. ஆனால் ஒவ்வொரு கிக்குக்கும் சீலிங் ஃபேனின் கம்பி முனகியது, ஷோகேஸ் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. பீட்டரின் இடி பெடல் வழியாகத் தரைக்குப் போகிறது, தரை என்பது அவருக்குக் கூரை. எந்த ஸ்கின் மாற்றினாலும் இது போகாது. காற்றில் போகிற சத்தம் வேறு, கான்கிரீட்டில் போகிற அதிர்வு வேறு. தடிமனான கார்ப்பெட்டும் இதற்குப் போதாது.

இதற்கு டிரம்மர்கள் பல ஊர்களில் செய்துகொள்கிற ஏற்பாடு டென்னிஸ் பந்து மேடை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 8க்கு 4 ஷீட் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றையும் 6க்கு 4 அடியாக வெட்டச் சொன்னோம். அடிப் பலகையில் பந்தின் குறுக்களவைவிடச் சிறிய வட்டமாக ஓட்டை போட வேண்டும், பந்தின் அடிப்பகுதி அதில் புதைந்து உட்காரும். அதன் மேல் இரண்டாவது பலகை, ஆணி எதுவும் வேண்டாம், பாரத்திலேயே நின்றுவிடும். கிக், பெடல், ஸ்டூல் வருகிற இடங்களில் பந்தை நெருக்கமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது மேடை ஒரு பக்கம் சாயும். மேல் பலகை சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் அதிர்வு சுவர் வழியாக இறங்கிவிடும், இத்தனையும் வீண். பந்து பழையதாக இருந்தாலும் போதும், டென்னிஸ் கோச்சிங் நடக்கிற இடங்களில் கேட்டால் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் அமுக்கினால் கொழகொழவென்று போகிறதைக் கழித்துவிடுங்கள். மேடை வந்த பிறகு அங்கிளின் ஷோகேஸ் அதிரவில்லை. ஃபேன் கம்பியில் கையை வைத்தால்தான் ஏதோ தெரிகிறது. “இப்ப வாசிக்கச் சொல்லுங்க பாப்பாவ” என்று அவரே சொன்னார். இதை எழுதுவதற்குக் காரணமே இந்த மேடைதான். விலை உயர்ந்த சிம்பலை வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விடுகிற வீடுகளை நிறையப் பார்க்கிறேன்.

இனி சபை. அறுபது எழுபது நாற்காலி போடுகிற ஹால், தாழ்ந்த கூரை, தரையில் டைல்ஸ், பக்கத்துக்குப் பக்கம் கண்ணாடி ஜன்னல். ஸ்னேரில் ஓர் அடி விழுந்தால் நாலு சுவரும் திருப்பித் தரும். இங்கே மெஷ் ஸ்கின்னைப் போட்டுப் பார்த்தோம். கீபோர்டு வந்ததும் டிரம்ஸ் காணாமல் போனது, சனங்கள் கைதட்டியதும் தாளமே கேட்கவில்லை. எல்80 கிராஷும் ஹாலுக்கு எட்டவில்லை. வீட்டில் நமக்கு வேண்டியது கேட்காத டிரம்ஸ், ஹாலில் வேண்டியது அளவாகக் கேட்கிற டிரம்ஸ். நிஜ ஸ்கின், நிஜ சிம்பலை வைத்துக்கொண்டு அடிக்கிற கோலைத்தான் மாற்ற வேண்டும்.

ப்ரோமார்க்கின் ஹாட் ராட்ஸ் எங்களுக்கு வழி காட்டியது. 19 மெல்லிய பர்ச் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு அது. ஸ்டிக்கின் கூர்மையான தாக்குதல் போய், ஸ்னேரில் ‘ச்சப்’ என்று தடித்த, மென்மையான அடி விழும். ஆராதனையில் மெதுவான பாட்டிலிருந்து வேகமான பாட்டுக்குப் போகிறபோதும் கோல் மாற்றத் தேவையில்லை. ரைடில் மட்டும் இது சரியாக எடுபடாது, அந்தத் தெளிவான ‘டிங்’ கிடைக்காது. ரிம்மிலும் ஸ்கின்னிலும் ஒன்றாகப் படும் ரிம்ஷாட் அடித்தால் குச்சிகள் சிராய்த்து உடையும், காலடியில் மரத்தூள் விழும். நன்றாக வாசிக்கிறவர் கையிலும் தேயும் பொருள்தான், ஒரு ஜோடி எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள். ரொம்ப மெதுவான பாட்டுக்குக் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடுவேன். கிக்குக்குள் ஒரு தலையணை, ஸ்னேர் ஓரத்தில் மூன்ஜெல் என்கிற ஒட்டும் ஜெல் ஒரு துண்டு. மூன்ஜெல் நீண்டு ஒலிக்கும் ரீங்காரத்தைத்தான் அடக்கும், அடியின் சத்தத்தைக் குறைக்காது. தூசி படிந்து ஒட்டாமல் போனால் தண்ணீரில் கழுவினால் மறுபடி ஒட்டும்.

டிரம்ஸ் முன்னால் கண்ணாடி போல நிறுத்துகிற அக்ரிலிக் ஷீல்டு வாங்கலாமா என்று பல சபைகளில் கேட்கிறார்கள். சின்ன ஹாலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது சிம்பலின் நேர் ஒலியைத் தடுக்கும், சரி. ஆனால் அந்த ஒலி திரும்பி டிரம்மர் காதிலேயே விழும், பின்சுவரில் மோதி மேலே ஏறி மறுபடி ஹாலுக்கே வரும். பின்னால் கனமான திரையோ ஒலியை உறிஞ்சும் ராக்வுல் பேனலோ இல்லாவிட்டால் பலன் பாதிகூட இல்லை. கிக்கின் கனத்த ஒலி ஷீல்டைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். எல்லாவற்றையும்விட, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பாடுகிறவர்களின் குரல் சரியாகக் கேட்காது. கேட்காதவர் எப்படி அடக்கி வாசிப்பார்? அந்தக் காசில் திரையும் கார்ப்பெட்டும் வாங்குங்கள்.

சின்ன இடத்துக்கென்றே வந்த செட்டுகளில் லுட்விக்கின் பிரேக்பீட்ஸை ஒரு நண்பரிடம் வாங்கி ஹாலில் வாசித்துப் பார்த்தேன். குவெஸ்ட்லவ் என்ற டிரம்மருடன் சேர்ந்து 2013இல் கொண்டுவந்தது. கிக் 16 இஞ்ச், டாம் 10, ஃப்ளோர் டாம் 13, ஸ்னேர் 14. கிக் சிறியதாக இருப்பதால் பீட்டர் நடுவில் படும்படி உயர்த்தி வைக்க ஒரு தாங்கி கூடவே வருகிறது. ஆட்டோவில் போகும், மேடை மூலையில் அடங்கும். கிக் உண்மையாகவே இதமாக இருந்தது. ஸ்னேர் மட்டும் வழக்கமான அளவு என்பதால் அதன் சத்தம் குறையாது, அங்கே ராட்ஸ்தான் துணை.

ஒரே செட்டை வீட்டுக்கும் ஹாலுக்கும் கொண்டுபோகிறவர்கள் மெஷ் ஸ்கின்னை வாங்கும் முன் யோசியுங்கள். வாரா வாரம் ஐந்து டிரம்மில் ஸ்கின் மாற்றி டியூன் செய்வது நடக்காத காரியம். அவர்களுக்கு ஆர்டாமின் பிளாக் ஹோல் என்கிற மெஷ் பேட் பொருத்தம், ரிம்மைக் கழற்றாமல் மேலேயே மாட்டிக் கழற்றலாம். ஸ்கின்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால் ஒவ்வொரு டிரம்மின் குறுக்களவையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஐந்து பீஸ் என்று மட்டும் சொன்னால் சில செட்டில் டாம் 10, 12 இருக்கும், சிலவற்றில் 12, 13 இருக்கும். பிரித்த ஸ்கின்னைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.