டெபியனில் கேம் ஆடலாமா? ஆடலாம், ஆனால் உங்கள் பையனுக்கு வேண்டாம்

ஆபீஸ் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "மச்சி, பையனுக்கு பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். விண்டோஸ் லைசென்ஸ் காசை மிச்சம் பண்ணி கிராபிக்ஸ் கார்டுல போடலாம்னு பாக்குறேன். நீ லினக்ஸ்லதானே ஆடுற, நல்லா ஓடுதா?" ஓடுது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு கேம் அப்போதுதான் என் முகத்தில் கதவைச் சாத்தியிருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

என் கணினி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 10-ஆம் பதிப்பு வந்த சமயத்தில் போட்டது. அதையே மேம்படுத்தி மேம்படுத்தி இப்போது 13-இல் இருக்கிறேன். வேகம், டிரைவர், எஃப்.பி.எஸ் பற்றியெல்லாம் யூடியூபில் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எஸ்.எம்.பி.எஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒருமுறை போனதைத் தவிர, என் ஆட்டத்தை நிறுத்தியதெல்லாம் லைசென்ஸ்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டெபியனுக்குப் புதிதாக வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆசையாக குவேக் என்ற பழைய துப்பாக்கிச்சண்டை கேமின் பேக்கேஜை இன்ஸ்டால் செய்வீர்கள். மெனுவில் ஐகான் வந்துவிடும். அழுத்தினால் கேம் வராது. ஒரு சின்னப் பெட்டி திறந்து, கேம் டேட்டா இல்லை, கேம்-டேட்டா-பேக்கேஜர் என்ற நிரலை வைத்து நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். எனக்கு முதல்முறை வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. கேமே இல்லாத கேமுக்கு எதற்கு ஐகான்?

விஷயம் இதுதான். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் கேமின் நிரலை 1997 டிசம்பரில் வெளியிட்டது, 1999-இல் அதை யாரும் மாற்றிப் பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியது. குவேக்கின் நிரலும் அதே 1999-இல் வந்தது, குவேக் 3-இன் நிரல் 2005-இல். ஆனால் கொடுத்தது கேமை ஓட்டும் நிரலான எஞ்சினை மட்டும். லெவல்கள், அரக்கர்கள், படங்கள், ஒலிகள் எல்லாம் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கின்றன. புரொஜெக்டரைக் கொடுத்துவிட்டு ஃபிலிம் ரோலை வைத்துக்கொண்டது போல. அதைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் எஞ்சினையாவது கொடுத்தவர்களே குறைவு.

கேம்களைப் பொறுத்தவரை டெபியன் தன் கிடங்கை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. தானும் கட்டற்றது (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம், விற்கலாம்), கட்டற்றது அல்லாத எதையும் நம்பியும் இல்லை என்றால் மெயின். தான் கட்டற்றது, ஆனால் ஓடுவதற்கு அப்படியல்லாத ஒன்று வேண்டும் என்றால் கான்ட்ரிப். மற்றதெல்லாம் நான்-ஃப்ரீ. கடைசி இரண்டும் டெபியனின் பகுதியே அல்ல என்று அவர்களின் சமூக ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் சாக்லெட் டூம் என்ற டூம் எஞ்சின் மெயினில் இருக்கும். ஏனென்றால் ஃப்ரீடூம் என்று ஒரு கட்டற்ற டேட்டா தொகுப்பு இருக்கிறது, அதைப் போட்டு ஆடலாம். குவேக் 3 எஞ்சினும் மெயினில் இருக்கும், அதில் ஓடும் ஓப்பன் அரீனா என்ற கட்டற்ற கேம் இருப்பதால். அதே எஞ்சினை அசல் குவேக் 3 டேட்டாவோடு ஓட்டித்தரும் சின்ன பேக்கேஜ் மட்டும் கான்ட்ரிப்பில். டூமின் ஷேர்வேர் (இலவச மாதிரி) பகுதியை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம், ஆனால் மாற்றக்கூடாது என்று நிபந்தனை. மாற்றக்கூடாதா, அப்படியானால் நான்-ஃப்ரீக்குப் போ. இவர்கள் கேம் ஆடுகிறார்களா, வழக்காடுகிறார்களா என்று தோன்றும்.

சரி, கேம்-டேட்டா-பேக்கேஜருக்கு வருவோம். உன் அசல் சிடியைக் கொடு, அதிலிருந்து ஒரு டெப் ஃபைல் (டெபியனில் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) செய்து தருகிறேன் என்கிறது அது. சென்னையில் அசல் சிடிக்கு எங்கே போவது? நம் தலைமுறைக்கு கேம் என்றால் பர்மா பஜார், இல்லாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட் பிளாட்பாரம். மார்க்கர் பேனாவில் பெயர் கிறுக்கிய சிடி, ஒன்றுக்குள்ளேயே பல கேம். என் சித்தப்பா மகன் பத்திரமாக வைத்திருந்த சிடி பவுச்சில் குவேக் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பேக்கேஜர் ஒவ்வொரு ஃபைலின் ஹாஷையும் (ஃபைலின் கைரேகை மாதிரி) தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்த சிடியை நகலெடுத்த புண்ணியவான் இடத்தை மிச்சப்படுத்த பாட்டுகளைத் தூக்கிவிட்டு கேம் டேட்டா இருக்கும் பேக் ஃபைலிலும் கைவைத்திருக்கிறார். ஹாஷ் பொருந்தவில்லை, டெப் வரவில்லை. எத்தனையோ வருடம் கழித்து பர்மா பஜார் சரக்கைக் கண்டுபிடித்து நிராகரித்தது போலீஸ் அல்ல, ஒரு பைத்தான் நிரல்.

அப்புறம் ஒரு தீபாவளி சேலில் பிரியாணி விலைக்கும் குறைவாக குவேக்கை ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினேன். பேக்கேஜரிடம் மறுபடி சொன்னதும், ஸ்டீம் இறக்கிவைத்த ஃபோல்டரைத் தானே தேடிப் பிடித்து, ஹாஷ் சரிபார்த்து, குவேக்-ரெஜிஸ்டர்டு என்று ஒரு டெப் கட்டிக் கொடுத்தது. அந்த ஃபைல் இன்றும் என் பென்டிரைவில் இருக்கிறது. டெபியன் 11, 12, 13 என்று எதில் போட்டாலும் போட்ட உடனே ஓடுகிறது. லாகின் கேட்காது, அப்டேட் கேட்காது.

இதன் அருமை தெரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு. எங்கள் ஏரியாவில் தண்ணீர் வடிந்து கரண்ட் வந்த பின்பும் நெட் வரவில்லை. வாங்கி வைத்த பெரிய கேம்களில் ஒன்று, தனியாளாக ஆடும் கேம்தான், சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று முதல் திரையிலேயே நின்றுவிட்டது. குவேக் ஓடியது. ஓப்பன் அரீனா ஓடியது. மாடிவீட்டுப் பையன்கள் வந்து ஓப்பன் டிடிடி என்ற போக்குவரத்து கேமில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு காலத்தில் அசல் டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் ஃபைல்கள் இல்லாமல் ஓடாத கேம்தான். படங்களையும் ஒலிகளையும் தன்னார்வலர்கள் முதலிலிருந்து வரைந்து, பதிவு செய்து முடித்தபின் 2010-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசல் தேவையில்லை. ஒரு ரயில் எஞ்சினின் படத்தை எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு பிக்சலாக யாரோ சம்பளம் இல்லாமல் வரைந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டெபியனின் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் ரிச்சி ஸ்ட்ரீட்காரர்களுக்கு எளிதாகப் புரியும். வணிக நோக்கமில்லாமல் மட்டும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் பாட்டோ படமோ இருந்தால் டெபியன் அதை மெயினில் சேர்க்காது. கலைஞர் நல்ல மனதோடு இலவசமாகத்தானே கொடுத்திருக்கிறார், இதிலென்ன வீம்பு என்று கேட்பேன். ஆனால் நெட் மெதுவாக இருந்த காலத்தில் லினக்ஸ் நமக்கு எப்படி வந்தது? யாரோ டிவிடி எழுதி, தட்டுக்கும் உழைப்புக்கும் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். டெபியன் டிவிடியை ஒரு கடைக்காரர் காசுக்கு விற்றால் சட்டப்படி தப்பே இல்லை. பக்கத்திலேயே தொங்கிய கேம் சிடி முழுக்கத் தப்பு. உள்ளே ஒரே ஒரு பாட்டு 'விற்கக்கூடாது' என்று வந்திருந்தாலும் அந்த டெபியன் டிவிடியும் மாட்டியிருக்கும்.

இந்தப் பிரச்சினை நிறைய கேம்களுக்கு உண்டு. டிசென்ட் நிரல் வெளிவந்தது, ஆனால் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். டியூக் நியூகம் 3டி-யின் நிரல் 2003-இல் ஜிபிஎல்-இல் வந்தது. அதன் அடியில் இருக்கும் பில்ட் எஞ்சினோ வணிகமற்றது. மேலே கட்டற்றது, கீழே கட்டுள்ளது, எனவே மொத்தமும் நான்-ஃப்ரீ. பெயரிலும் தகராறு வரும். லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பில் இருந்த நோமெட்ரிஸ் 2009 வாக்கில் குவாட்ராபாசல் ஆனது; டெட்ரிஸ் பெயருக்கு உரிமையாளர் இருக்கிறார். என் அம்மாவுக்கு அது இன்றும் 'கட்டை விழுற கேம்'தான், அவருக்கு எந்த டிரேட்மார்க்கும் தடையில்லை.

வெளியீட்டாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறதா என்று பார்த்தால், ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி கேமின் கதையைச் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டர் போன சென்னைப் பையன்களில் வைஸ் சிட்டி ஆடாதவர் குறைவு. அதையும் ஜிடிஏ 3-ஐயும் சில நிரலாளர்கள் தலைகீழாகப் பிரித்து, நிரலை மறுபடி எழுதி வெளியிட்டார்கள். ஆர்இ3 என்று பெயர். லினக்ஸில் நேரடியாக ஓடியது. ஆடுவதற்கு உங்கள் சொந்த அசல் ஃபைல்கள் வேண்டும், டெபியன் குவேக்கைப் போலவே. இருந்தும் ஜிடிஏ உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021 பிப்ரவரியில், நிரல்கள் வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து அதை நீக்கவைத்தது. திரும்ப வந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் குவேக்கின் நிரல் உரிமையாளரே கொடுத்தது, இது அவரைக் கேட்காமல் எடுத்தது. டேக்-டூ-வின் வழக்கறிஞர் இதைச் சொன்னால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. டெபியன் அத்தனை வாசல் வைத்து ஒவ்வொரு ஃபைலையும் சோதிப்பது இந்த மாதிரி நோட்டீஸ் தன் வாசலுக்கு வராமல் இருக்கத்தான்.

இப்போது என் கதவு சாத்திய கதை. மூன்று நண்பர்களோடு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடும் ஒரு ஆன்லைன் துப்பாக்கிச்சண்டை கேம். விண்டோஸுக்கானதுதான், ஸ்டீமை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018 ஆகஸ்டில் கொடுத்த பிறகு இப்படிப்பட்டவை பல லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. இதுவும் ஓடியது, வருடக்கணக்கில். ஸ்கின், பாஸ் என்று அதற்குள்ளும் காசு செலவழித்திருக்கிறேன். ஒருநாள் அப்டேட் வந்தது. அன்று ராத்திரி நண்பர்கள் மூவரும் லாபியில் காத்திருக்க, எனக்கு மட்டும் இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை என்ற பெட்டி. உதவி மையத்துக்கு எழுதினேன். சட்டப்படி எந்தத் தவறும் இல்லாத பதில் வந்தது: தேவைகள் பட்டியலில் விண்டோஸ் மட்டுமே உள்ளது, ஒப்பந்தப்படி சேவையை மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு. படித்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறது. என்ன செய்ய?

ஊருக்கே நடப்பதுதான் இது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் 31-இல் லினக்ஸை மொத்தமாக நிறுத்தியது. ஏமாற்றுக்காரர்களுக்கு அது வழியாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அதற்கு முந்தைய மாதம் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல் வந்து, லினக்ஸில் ஓடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்காரர்கள் வெளியே நின்றார்கள். பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட் இரண்டுமே புரோட்டானில் ஓடுவதற்கு 2021-லேயே வழி செய்து வைத்திருக்கின்றன; வெளியீட்டாளர் சரி என்று சொன்னால் போதும். சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணத்தில் பொய்யில்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலையே நான் விருப்பப்படி மாற்றிக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அவர்களின் காவலாளி எதை நம்புவான்? ஆனால் வருடக்கணக்கில் காசு வாங்கும்போது அந்தச் சந்தேகம் வரவில்லையே.

நாலு வரி உரிமத்துக்காக என்னை அலையவிட்ட டெபியன் கொடுத்தது எதுவும் இதுவரை என்னிடமிருந்து திரும்பப் போகவில்லை. உடனே ஓடிய கேம்தான் போய்விட்டது. இதைக் கணக்குப் போட்டால் டெபியனுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டும்.

ஆனாலும் நண்பருக்கு நான் எழுதிய பதில்: விண்டோஸை வாங்கு, காசு கொடுத்தே வாங்கு. உன் பையனுக்கு வேண்டியது அவன் வகுப்புப் பையன்கள் ஆடும் கேம். ராத்திரி லாபியில் எல்லோரும் இருக்க அவன் மட்டும் வெளியே நின்றால், கான்ட்ரிப்புக்கும் நான்-ஃப்ரீக்கும் உள்ள வித்தியாசத்தை நீ அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. கேம் ஆடுகிறவருக்கு டெபியன், ஐந்துக்கு இரண்டு. கோபத்தில் போட்ட மதிப்பெண்தான், ஆனால் மாற்றப்போவதில்லை.

இல்லை, போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு: கான்ட்ரிப், நான்-ஃப்ரீ இரண்டையும் சோர்ஸ் பட்டியலில் சேருங்கள், ஸ்டீமுக்கு ஐ386 (32-பிட்) கட்டமைப்பையும் சேர்க்க வேண்டும். தனியாக ஆடும் கேம் என்றால் அது லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று புரோட்டான் டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். ஆன்லைன் கேம் என்றால், அதன் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை உள்ளே விடுகிறதா என்று சொல்லும் 'ஆர் வீ ஆன்டி-சீட் எட்' பட்டியலைப் பாருங்கள். அதில் பச்சையாக இருந்தாலும் ஸ்கின்னுக்குக் காசு போடாதீர்கள்.