ஞாயிறு மாலை யாருக்கு: டூர் டி பிரான்ஸுக்கா, மலைச் சைக்கிளுக்கா?

ஜூலை மாதத்தில் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஒன்று, பந்தயம் இரண்டு. பிரான்சின் தார்ச்சாலைகளில் மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் போய்க்கொண்டிருக்கும். சில ஞாயிறுகளில் அதே மாலை, ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் கிராஸ் கன்ட்ரி மலைச் சைக்கிள் உலகக் கோப்பையின் ஒரு சுற்றும் நடக்கும். மேல்மாடியில் குடியிருக்கும் என் மனைவியின் அண்ணன் தார்ச்சாலைக் கட்சி. நான் மண்பாதைக் கட்சி. விளம்பர இடைவேளைதோறும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டிலும் முக்கியமான கட்டத்தைத் தவறவிட்டதுதான் பல ஆண்டு அனுபவம். சென்ற ஆண்டு ஒரு முடிவுக்கு வந்தேன்: இரண்டும் மோதும் நாளில் எனக்கு மலைச் சைக்கிள்தான். அதற்கான காரணங்களை எழுதிவைக்கத் தோன்றியது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். புகழிலும் வயதிலும் டூருக்கு ஈடில்லை. அது 1903இல் தொடங்கியது. மலைச் சைக்கிளுக்கு முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்ததே 1990இல்தான். ஹெலிகாப்டரிலிருந்து காட்டும் சூரியகாந்தி வயல்களும் பழைய கோட்டைகளும் டூருக்கே உரியவை. காட்சிக்காக மட்டும் பார்ப்பவர் தயங்காமல் டூரைப் பார்க்கலாம்.

அடுத்தது நேரம். சாலைப் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் நான்கு, ஐந்து மணி நேரம் நீளும். கூட்டத்துக்குள் மற்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. அதனால் வலுவானவர்கள் கடைசி மலை வரும்வரை வெளியே தலைகாட்டுவதில்லை. மலைச் சைக்கிளில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். முதல் சுற்றில் ஒருவர் எந்த வேரில் தடுமாறினாரோ, அதே வேரை இரண்டாம் சுற்றில் எப்படித் தாண்டுகிறார் என்று காத்திருந்து பார்க்கலாம். செக் நாட்டு நோவே மியெஸ்டோவின் ஊசியிலைக் காட்டில் அந்த வேர்கள் மழையில் நனைந்து பளபளக்கும்போது, அடுத்த சுற்று எப்போது வரும் என்று நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுகிறேன்.

தொடக்கம் இன்னும் விறுவிறுப்பானது. எட்டு எட்டுப் பேராக வரிசையில் நிறுத்துகிறார்கள். சிறிது தூரத்திலேயே பாதை ஒற்றையடியாகக் குறுகிவிடும் என்பதால் பின்வரிசைக்காரருக்கு முன்னேற இடமில்லை. 2018இல் உலகக் கோப்பையில் சேர்ந்த இருபது நிமிடக் குறும்பந்தயம் முன்வரிசை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பதால், அதையும் விடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் துணைக் காரணங்கள். என்னை ஒரு பக்கமாகச் சாய்த்தது ஒரே விஷயம்: சைக்கிள் பழுதானால் என்ன நடக்கிறது என்பது.

சாலைப் பந்தயத்தில் டயர் பஞ்சரானால் வீரர் கையை உயர்த்துவார். அணியின் கார் வரும். கூரையிலிருந்து புதுச் சைக்கிளையே இறக்கித் தருவார்கள். கார் தாமதமானால் அணித் தோழர் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். பிறகு நான்கைந்து பேர் முன்னால் ஓட்டி, காற்றை மறைத்து, தலைவரைக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 2016இல் மோன் வான்டூ மலையில் கிறிஸ் ஃப்ரூமின் சைக்கிள் விபத்தில் உடைந்தபோது அவர் கூட்டத்தின் நடுவே கால்நடையாக ஓடினாரே, அது இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் சாலையில் அது அபூர்வம் என்பதுதான். அன்று நடுவர்கள் பின்னர் அவருடைய நேரத்தையும் சரிசெய்து கொடுத்தார்கள்.

மலைச் சைக்கிளில் எந்தக் காரும் வராது. உதவியாளர்கள் நிற்பதற்கென்று ஒரு சுற்றில் ஒன்றோ இரண்டோ இடங்கள் குறித்திருக்கிறார்கள். பஞ்சரானால் அந்த இடம்வரை வெறும் விளிம்பில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் சக்கரத்தை மாற்றலாமே தவிர, சைக்கிளை மாற்ற விதி இடம்தராது. எதில் கிளம்பினாரோ அதிலேதான் முடிக்க வேண்டும்.

இதை விதியாகப் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஒருநாள் காலை ராஜானுகுண்டே பக்கம் அவலஹள்ளிக் காட்டில் புரிந்தது. இறக்கத்தில் ஒரு கருங்கல் விளிம்பு என் பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. விரல் நுனி அளவுப் பிளவுதான். ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளை ரப்பர்ப் பால் அதன் வழியாகச் சீறி, செம்மண்ணில் கலந்து, இளஞ்சிவப்புக் குழம்பாகச் சைக்கிள் சட்டமெங்கும் ஒட்டிக்கொண்டது. ரப்பர்த் திரியைப் பிளவில் திணித்தால் பாலின் வழுவழுப்பில் அது வெளியே வந்துவிழுந்தது. இரண்டாம் திரி நின்றது. கைப்பம்பில் காற்றடித்து மீண்டும் ஏறுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. கை நடுங்கிக்கொண்டிருந்ததால் அடுத்த இறக்கத்தில் இறங்கி நடந்தேன். எனக்குப் பின்னால் யாரும் துரத்தவில்லை, பதக்கமும் காத்திருக்கவில்லை. அப்படியும் அந்த நடுக்கம்.

அந்த நினைவோடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் பந்தயத்தை மீண்டும் போட்டுப் பார்த்தேன். எலான்கூர் குன்றில் பாதிப் பந்தயம்கூட முடியவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்த பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு முன்சக்கரம் பஞ்சராகிறது. உதவி இடம்வரை உருட்டிப் போய்ச் சக்கரத்தை மாற்றுவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடுகிறார். தூக்கிவிட யாருமில்லை. ஒவ்வொருவராகத் தாண்டுகிறார்; விநாடி விநாடியாக இடைவெளியைத் தின்கிறார்; சொந்த நாட்டுக்காரர்களின் ஆரவாரத்தோடு ஓட்டும் பிரான்சின் விக்டர் கோரெட்ஸ்கியைப் பிடித்தேவிடுகிறார். கடைசிச் சுற்றில் பாதை ஒரு மரத்தைச் சுற்றி இரண்டாகப் பிரியும் இடத்தில் கோரெட்ஸ்கி ஒரு பக்கம் போக, பிட்காக் மறுபக்கம் நுழைந்து அவருக்கு முன்னால் வெளிவருகிறார். இருவரும் உரசிக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக் கூட்டம் கூச்சலிட்டுக் கண்டிக்கிறது. ஒன்பது விநாடி வித்தியாசத்தில் தங்கம்.

அந்த உரசல் முறைதானா என்று மச்சானோடு இரவு முழுக்க வாதாடினேன். முறைதான் என்பது என் கட்சி: இடம் திறந்திருந்தது, அவர் நுழைந்தார். ஆனால் நான் அசந்துபோனது அந்த மரத்தடியில் அல்ல; அதற்கு முந்தைய சுற்றுகளில், ஒரு மனிதர் தன் பழுதின் விலையைத் தானே கட்டித் தீர்த்ததில். இதே பிட்காக்தான் 2022 டூரில் ஆல்ப் துவேஸ் மலைமேல் வென்றவர். அந்த வெற்றியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு முறை பார்த்ததோடு சரி. எலான்கூரை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

பெண்கள் பந்தயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மகளோடு உட்கார்ந்து பார்ப்பது அதைத்தான். 1996 அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் ஒலிம்பிக்குக்கு வந்தபோதே ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்ந்தேதான் வந்தது. உலகக் கோப்பையிலும் ஒரே வார இறுதி, ஒரே பாதை, ஏறக்குறைய அதே நேர அளவு. பெண்களுக்கான டூர் 2022இல்தான் இப்போதைய வடிவில் திரும்பியது. ஆண்களுக்கு மூன்று வாரம் என்றால் அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை வாரம்கூட இல்லை. பாரிஸில் மலைச் சைக்கிள் தங்கம் வென்ற பவுலீன் ஃபெராண்ட் பிரெவோ, மறு ஆண்டே சாலைக்குப் போய் அந்த டூரையும் வென்றார். மச்சான் அதைத் தன் கட்சிக்கு வரவு வைக்கிறார். மண்ணில் பழகிய கால்கள் என்று நான் என் பக்கம் எழுதிக்கொள்கிறேன்.

சாலைப் பந்தயத்துக்கு உரியதை மறுக்கவில்லை. தனக்கு வெற்றி கிடைக்காது என்று தெரிந்தும் தலைவருக்காக நாள் முழுக்கக் காற்றை மறைக்கும் வீரரின் தியாகம் மலைச் சைக்கிளில் இந்த அளவுக்குக் கிடையாது. மூன்று வாரக் கதையின் சுகமும் இல்லை. “தினமும் ஐந்து மணி நேரம் பார்த்துப் பழகிவிட்டால் அவர்களெல்லாம் நம் வீட்டு மனிதர்கள் ஆகிவிடுகிறார்கள், மாப்பிள்ளை” என்று மச்சான் சொல்வது உண்மைதான். காட்டுக்குள் கேமரா எல்லா இடத்திலும் இல்லாததால், ஐந்தாம் இடத்துக்காரர் எப்போது மூன்றாம் இடத்துக்கு வந்தார் என்பது சில நேரம் தெரியாமலே போகும். அது எனக்கும் எரிச்சல்தான்.

இரண்டையும் நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். பாதையோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவன் அல்லன். நேரில் நின்றால் டூர் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடும், மலைச் சைக்கிள் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பி வரும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எப்படி உணரப்படும் என்பதை நின்று பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். மேலேயிருந்து கீழே பாயும் டவுன்ஹில் பந்தயத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்காததற்கும் காரணம் அதுதான்: அதை நான் போதிய அளவு பார்த்ததில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு இதுதான். மலைச் சைக்கிள் இல்லாத நாளெல்லாம் கூடம் மச்சானுடையது. இருக்கும் ஞாயிறுகளில் அந்த ஒன்றரை மணி நேரம் என்னுடையது. அவர் கைப்பேசியில் டூரைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவார். போன முறை யாரோ ஒருவர் தட்டையான டயரோடு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடியபோது அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உதவி இடம் இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.