வினாநிரல் எடுத்துப் போவதா, கூடவே பழகிப் பார்ப்பதா?

சமூகவியல் படிக்கத் தொடங்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர், முதல் ஆய்வுக்கு எங்கள் ஊரான, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ரப்பர்க் காடு செம்பனையாக மாறியதும், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் இங்கே வீட்டுக்கு வீடு சொல்லக் கிடைக்கும் கதை. அதை எப்படித் திரட்டுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஐம்பது வீடுகளில் வினாநிரல், அதாவது எழுதிவைத்த கேள்விகளின் பட்டியல், கொடுப்பதா, நாலு வீடுகளோடு மூன்று மாதம் பழகுவதா?

ஒவ்வொருவராகப் பார்த்தால் பிடிபடாத ஒழுங்கு, எண்ணிப் பார்த்தால் தெரியும் என்பது வினாநிரலின் அடிப்படை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கைம் அப்படி எதையும் யாரிடமும் கொடுக்கவில்லை; ஆனாலும் 1897-இல் தற்கொலை பற்றி எழுதியபோது இந்த வழியில்தான் சிந்தித்தார். அரசாங்கப் பதிவுகளின் எண்களை ஒப்பிட்டு, மிக அந்தரங்கமான முடிவிலும் சமயக் கட்டும் குடும்பக் கட்டும் இருப்பதைக் காட்டினார். எங்கள் ஊருக்கும் எண் வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காக ஓர் அலுவலகத்தின் கதவைத் தட்டும்போது, ஒரு தாயின் கண்ணீரைவிட "இத்தனை வீடுகள்" என்ற கணக்குத்தான் பேசும்.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது இதே கருவி கைவிட்டுவிடுகிறது. "உங்களுக்குச் சேமிப்பு உண்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா "இல்லை" என்றார். அன்று மாலையே சாமி மேடைக்குக் கீழிருந்து, பழைய நாள்காட்டித் தாளில் அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பன்னிரண்டு பெயர்கள், பெயருக்கு நேரே மாதக் கட்டங்கள், கட்டியவர்களுக்குச் சிவப்புக் கோடு. ஆளுக்கு மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்). குலுக்கலில் பெயர் வந்தவருக்கு 1,200 வெள்ளி. கூட்டு! ஊர்ச் சீட்டுதான். மகளின் கல்லூரிக் கட்டணமும் ஒழுகிய கூரையும் அந்த நோட்டால்தான் சரியாயின. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை மலேசியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் சொல் இருக்கிறது. முன்பின் அறியாத பெண்ணிடம் அக்கா வேறென்ன சொல்வார்? போதாததற்கு, சேமிப்பு என்றால் அவருக்கு வங்கிப் புத்தகம்.

அதே கேள்வியை ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே "இல்லை"தான் வரும். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில் வருவதால் நம்பகத்தன்மை இருக்கிறது; அளக்க நினைத்ததை அளக்காததால் ஏற்புடைமை இல்லை. பாடநூலில் மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பங்கேற்று உற்றுநோக்குகிறவர், அதாவது கூடவே பழகிப் பார்க்கிறவர், அந்த நோட்டைப் பார்ப்பார். முதல் உலகப் போர்க் காலத்தில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுக்காரர்களின் நடுவே கூடாரம் அடித்துத் தங்கியது இதற்காகத்தான். ஆனால் எங்கே தங்குகிறோம் என்பதிலேயே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது. 1961-62-இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் மற்றச் சாதியினரோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு விருந்தாளியாக இருந்துகொண்டு லயத்து வீடுகளின் கதையைக் கேட்டால் நமக்கும் அதே கதிதான். இன்னொரு குறை, பார்த்ததெல்லாம் ஒருவர் குறிப்பேட்டில் மட்டும் இருப்பது. மைசூர்ப் பக்கத்துக் கிராமமான ராம்புராவில் தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸின் குறிப்புகள் 1970-இல் தீயில் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே நூலை எழுதினார். அது அருமையான நூல். ஆனால் அதைச் சரிபார்க்க இன்னொருவரால் முடியாது.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்குப் பழகுவதுதான் முதலில். முதல் மாதம் கையில் தாளே வேண்டாம். கோயில் திருவிழாவுக்குக் காய் நறுக்கப் போங்கள். பிறகு வினாநிரல் எழுதுங்கள். அதில் "சேமிப்பு உண்டா?" என்று இருக்காது. "பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டப் பணம் எப்படிப் புரட்டினீர்கள்?" என்று இருக்கும். பெயர் எழுதும் இடம் அந்தத் தாளில் வேண்டாம். நோட்டில் பார்த்த பன்னிரண்டு பெயர்களும் உங்கள் குறிப்பேட்டுக்குள் வரவே கூடாது.